மகனுக்கு 16 வயசு. எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு "18 முடியட்டும்" என்கிறது காப்பீடு. இது நியாயமா?

கெடிலக்கரை (திங்கள், இரவு 10:12)

வணக்கம். திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கோம். சிப்காட்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசரா வேலை. மூத்த பையனுக்கு 16 வயசு முடிஞ்சு நாலு மாசம் ஆகுது. உயரம் 168 செ.மீ., எடை 128 கிலோ. பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் வெச்சுப் போடுற பருமன் கணக்கு) 45-க்கு மேல. ரெண்டு வருஷமா சர்க்கரை. முதல்ல மாத்திரை, இப்ப இன்சுலினும் சேர்ந்துடுச்சு. ராத்திரி தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது. அவங்க அம்மா பக்கத்துலயே படுத்து, குறட்டை நின்னா தட்டி எழுப்புறாங்க. ஸ்லீப் டெஸ்ட் எடுத்ததுல 'தீவிரம்'னு எழுதிக் குடுத்திருக்காங்க.

"சாப்பாட்டைக் குறை"ன்னு யாரும் ஆரம்பிச்சுடாதீங்க. டயட்டீஷியன்கிட்ட ஒன்றரை வருஷம் போனோம். காலையில அஞ்சரைக்கு நானும் அவனும் சில்வர் பீச்சுல நடந்தோம். 9 கிலோ இறங்கிச்சு. முழங்கால் வலி வந்து ரெண்டு மாசம் நின்னதும் 14 கிலோ ஏறிடுச்சு. புதுச்சேரியில ரெண்டு டாக்டருங்க தனித்தனியா பார்த்து, இரைப்பையைச் சுருக்குற ஸ்லீவ் ஆபரேஷன்தான் வழின்னு சொல்றாங்க. செலவு 3,80,000 ரூபாய்னு எழுதிக் குடுத்தாங்க.

ஏழு வருஷமா ஒரு நாள் தவறாம பிரீமியம் கட்டுற குடும்பப் பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கு. முன் அனுமதி கேட்டா ஒத்தை வரியில பதில்: "உறுப்பினருக்கு 18 வயது நிரம்பவில்லை, நிராகரிக்கப்படுகிறது." இன்னும் இருபது மாசம் அவன் இப்படியே மூச்சு முட்டிக்கிட்டுக் கிடக்கணுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பாலிசி நெல்லிக்குப்பம் (திங்கள், இரவு 11:05)

சார், நான் 14 வருஷமா ஏஜென்ட். உங்க கம்பெனி தனியா கண்டுபிடிச்ச விதி இல்ல இது. 2019 செப்டம்பர்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டுக் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துற அமைப்பு) விலக்குகளையெல்லாம், அதாவது எதுக்குப் பணம் தர மாட்டோம்னு பாலிசியில எழுதுற நிபந்தனைகளை, ஒரே வாசகமா ஆக்கினாங்க. அதுல ஆறாவது விலக்கு உடல் பருமன். டாக்டர் பரிந்துரை இருக்கணும், மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டிருக்கணும், 18 வயசு முடிஞ்சிருக்கணும், பி.எம்.ஐ. 40-க்குக் குறையக் கூடாது. 35-க்கு மேல இருந்தா கூடவே இதய நோய், தீவிர ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது), கட்டுக்கடங்காத டைப் 2 சர்க்கரை மாதிரி ஏதாவது இருக்கணும், மத்த வழியெல்லாம் பார்த்துத் தோத்திருக்கணும். இது எல்லாம் சேர்ந்தாதான் பணம். உங்க பையன்கிட்ட வயசைத் தவிர மீதி அத்தனையும் இருக்கு. அதான் மனசுக்குக் கஷ்டம்.

ஒண்ணு கவனிங்க. விலக்கு வைக்கிறதா இருந்தா இந்த வாசகத்துலதான் வைக்கணும்னுதான் அந்த உத்தரவு. வெச்சே ஆகணும்னு இல்ல. ஒரு கம்பெனி மனசு வெச்சா 16 வயசுக்கும் குடுக்கலாம், சட்டம் தடுக்காது. தனிநபர் பாலிசியில யாரும் அப்படிச் செய்யறதை நான் பார்த்ததில்ல. ஆனா தொழிற்சாலை மொத்தமா எடுக்குற குழுப் பாலிசியில விலக்குகளைப் பேசி நீக்க இடம் உண்டு. உங்க எச்.ஆர்.கிட்ட பாலிசி நகலையே கேளுங்க. வாய் வார்த்தையா "கிடையாது"ன்னு சொன்னா ஏத்துக்காதீங்க.

இன்னொண்ணு, கோபத்துல கம்பெனி மாத்திடாதீங்க. சர்க்கரை உங்க பாலிசி தொடங்கின பிறகு வந்தது. இங்கேயே இருந்தா அதுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. வேற இடத்துக்குப் போனா அவங்க பிரபோசலையே ஏத்துக்காமப் போகலாம்.

---

முத்தியால்பேட்டை வாத்தியார் (செவ்வாய், காலை 6:20)

முதலில் அந்தப் பிள்ளை நலமாக வேண்டும். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் நான். 31 ஆண்டுகள் இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் வாழ்ந்தேன். அதனால்தான் மாற்றுக் கருத்தை எழுதுகிறேன்.

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மறுபடி ஒட்டவைக்க முடியாது. அதன் பிறகு ஆயுள் முழுக்க இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காய்ச்சல் மாத்திரை ஐந்து நாள் கொடுத்தால் மூன்றாம் நாள் பையிலேயே கிடக்கும். அவனிடம் ஐம்பது ஆண்டுக்கான பொறுப்பை ஒப்படைக்கிறோம். கையெழுத்து போடுவது அப்பா, உடம்பு பிள்ளையுடையது. 18 என்ற கோடு அவனுடைய சம்மதத்துக்காகக் காத்திருக்கும் கோடு என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

2024-இல் நம் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு இதே எடைக் குறைப்பு அறுவைக்காகப் போய் உயிரோடு திரும்பவில்லை. அவர் வயது வந்தவர். தமிழக அரசு விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. காப்பீடு சின்னப் பிள்ளைகளுக்கும் பணம் தரத் தொடங்கினால், நாளைக்கே ஈ.சி.ஆர். நெடுக விளம்பரப் பலகை முளைக்கும். யாருக்கு உண்மையில் தேவை, யாருக்கு இல்லை என்று அங்கே உட்கார்ந்து யார் பிரிப்பார்கள்?

---

கோரிமேடு பி.ஜி. (செவ்வாய், பகல் 2:48)

குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். வாத்தியார் ஐயாவின் பயம் வெறும் பயமில்லை. ஆனால் காத்திருப்பதால் பிள்ளை இருந்த இடத்திலேயே இருப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு.

அமெரிக்காவில் 'டீன் லேப்ஸ்' என்று ஓர் ஆய்வு. 2019-இல் அதன் ஐந்து ஆண்டு முடிவு வந்தது. எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை (உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டிப் போகும்படி மாற்றுவது) செய்துகொண்ட 161 பதின்வயதினரையும், பதின்வயதிலேயே பருமனாகி, பெரியவர்களான பிறகு அதே அறுவையைச் செய்துகொண்ட 396 பேரையும் ஒப்பிட்டார்கள். எடை இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான் குறைந்தது: 26, 29 சதவீதம். சர்க்கரையில்தான் பெரிய வித்தியாசம். சர்க்கரை இருந்த இளையோரில் 86 சதவீதம் பேருக்கு அது அடங்கியது, பெரியவர்களில் 53 சதவீதம் பேருக்குத்தான். ரத்த அழுத்தம் அடங்கியது 68-க்கு 41. காரணம் எளிது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போகின்றன. பதின்வயதில் வரும் டைப் 2 பெரியவர்களுக்கு வருவதைவிட வேகமானது. இன்சுலின் சேர்ந்துவிட்டது என்று அப்பா எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்ததும் எனக்கு இருபது மாதம் நீளமாகத் தெரிந்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், 13 வயதும் தீவிரப் பருமனும் இருந்தால் அறுவைக்கான பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டது. நம் விதியில் இருக்கும் 40, 35 என்ற எண்கள் 1991-இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்காக வகுத்தவை. நம் ஊர் உடம்புக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வரும் என்று உலக சுகாதார நிறுவன நிபுணர் குழு 2004-லேயே பி.எம்.ஐ. 23, 27.5 என்று வேறு அளவுகளைக் காட்டியது. அந்தப் பழைய 40-ஐயே நம் பிள்ளை தாண்டி நிற்கிறான்.

---

முத்தியால்பேட்டை வாத்தியார் (செவ்வாய், மாலை 5:30)

தம்பி, நீங்கள் சொன்ன ஆய்வை என் மகளைப் படித்துக் காட்டச் சொன்னேன். அதிலேயே வேறு இரண்டு விஷயமும் இருக்கிறதே. இளையோருக்கு வயிற்றில் மறு அறுவை தேவைப்பட்டது பெரியவர்களைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. இரும்புச்சத்துக் குறைவு அவர்களில் 48 சதவீதம், பெரியவர்களில் 29. மாத்திரை பையில் கிடக்கும் என்று நான் எழுதியது இதைத்தான். அந்த 161 பேரில் ஐந்தாண்டுக்குள் மூவர் இறந்தார்கள். அதில் இரண்டு மரணம் போதைப்பொருள் அளவு மீறியதால் என்று எழுதியிருக்கிறது. எடை குறைந்தாலும் மனதுக்குள் என்ன நடந்தது என்று யார் பார்த்தார்கள்? தவிர, அது பைபாஸ். இங்கே சொல்லியிருப்பது ஸ்லீவ்.

---

கோரிமேடு பி.ஜி. (செவ்வாய், இரவு 9:15)

எல்லாமே சரி ஐயா, மறுக்கவில்லை. ஆனால் இறப்பு விகிதம் பெரியவர்கள் பக்கமும் ஏறத்தாழ அதே அளவுதான். ஸ்லீவும் சேர்ந்த பத்தாண்டுக் கணக்கு 2024-இல் வந்தது: 260 பேர், பத்தாண்டு கழித்தும் பி.எம்.ஐ. சராசரியாக 20 சதவீதம் குறைந்தே இருந்தது, சர்க்கரை இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு அடங்கியே இருந்தது. மனநலம் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. அறுவைக்கு முன்பே மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும், பின்பும் பார்க்க வேண்டும்.

---

கணக்குக்காரன் புதுவை (செவ்வாய், இரவு 10:40)

எடை குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி வந்துவிட்டதே, அதைப் போடக் கூடாதா? அமெரிக்காவில் 12 வயது முதல் அனுமதித்திருக்கிறார்கள். இங்கேயும் 2025-இல் விற்பனைக்கு வந்தது. கத்தி இல்லாத வழி இருக்கும்போது கத்திக்குக் காப்பீடு எதற்கு?

இன்னொரு விஷயம். காப்பீடு என்பது பொதுப் பானை. எல்லோரும் போடுகிறோம், தேவைப்பட்டவர் எடுக்கிறார். கதவை அகலத் திறந்தால் அடுத்த வருடம் எல்லோருக்கும் பிரீமியம் ஏறும். 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்தார்கள். அதில் கிடைத்த மூச்சு இதில் போய்விடக் கூடாது. அறுபது வயதில் பென்ஷனில் பிரீமியம் கட்டுகிறவர்களையும் நினைக்க வேண்டும்.

---

கோரிமேடு பி.ஜி. (செவ்வாய், இரவு 11:02)

ஊசி நல்ல மருந்துதான். இளையோர் ஆய்வில் 68 வாரத்தில் பி.எம்.ஐ. சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. நிறுத்தினால் எடை திரும்பும். இங்கே விற்பனைக்கு வந்தபோது பெரியவர்களுக்கென்றே வந்தது. வெளிநோயாளி மருந்து என்பதால் பெரும்பாலான பாலிசி அதற்கும் பணம் தராது. ஆக, ஊசிக்கும் இல்லை, கத்திக்கும் இல்லை.

---

பாலிசி நெல்லிக்குப்பம் (புதன், காலை 7:50)

கணக்குக்காரன் சார், பொதுப் பானைன்னு நீங்க சொன்னதை வெச்சே கேக்குறேன். இந்தப் பையனுக்கு 35 வயசுல சிறுநீரகம் கெட்டா டயாலிசிஸுக்கு அதே பானையிலிருந்துதான் எடுக்கப் போறாங்க. வாரத்துக்கு மூணு தடவை, வருஷக்கணக்கா. ஆனா அப்ப அவர் எந்தக் கம்பெனியில இருப்பார்னு இன்னைக்குப் பணம் குடுக்கிற கம்பெனிக்குத் தெரியாது. பாலிசி வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற சரக்கு. 16 வயசுல செலவு செஞ்சவன் ஒருத்தன், 40 வயசுல மிச்சம் பாக்குறவன் இன்னொருத்தன். அதனாலதான் ஒரு கம்பெனியும் தானா முன்வராது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வாசகத்தை மாத்தினாதான் நடக்கும்.

---

கணக்குக்காரன் புதுவை (புதன், காலை 9:10)

இந்த வாதத்தை ஏற்கிறேன். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் விதி மாறினால் யாருக்கும் தனியாக நட்டமில்லை. ஆனால் எத்தனை பிள்ளைகள், எந்த எடைக்கு மேல் என்று கறாராக வரையறுக்காமல் மாற்றக் கூடாது என்பதில் இப்போதும் நிற்கிறேன்.

---

வார்டு அக்கா (புதன், இரவு 8:33)

டூட்டி முடிஞ்சு இப்பதான் படிச்சேன். அறுவை வார்டுல 11 வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். ரெண்டு பக்கமும் பெரிய பெரிய விஷயமா பேசுறீங்க. வார்டுல நடக்குறது என்னன்னு நான் சொல்றேன்.

ஆபரேஷன் அன்னைக்கு எல்லாரும் இருப்பாங்க. மாமா, சித்தப்பா, பூ, ஹார்லிக்ஸ். மூணாவது நாள் வீட்டுக்குப் போவாங்க. ரெண்டு வாரம் தண்ணி ஆகாரம், அப்புறம் கூழ் பதத்துல, அப்புறம்தான் மென்னு சாப்பிடுறது. முதல் மூணு மாசம் ஃபோன் பண்ணிக் கேப்பாங்க. ஆறாவது மாசம் பேண்ட் லூஸாயிடும், எல்லாரும் பாராட்டுவாங்க, மாத்திரையை விட்டுடுவாங்க. ஒரு தம்பி, 22 வயசு. வாந்தி வாந்தியா எடுத்துக்கிட்டே வீட்டுல இருந்திருக்கார். "எடை நல்லா குறையுது"ன்னு சந்தோஷப்பட்டிருக்காங்க. தயாமின் (வைட்டமின் பி1) சுத்தமா இறங்கிப் போச்சு. கால் மரத்து, கண்ணு ஆடி, நடக்க முடியாம வீல்சேர்ல கொண்டுவந்தாங்க. ஊசி மருந்து ஏத்தி எந்திரிக்க வெச்சோம், ஆனா முழுசா சரியாக மாசக்கணக்காச்சு. பொட்டலம் அம்பது ரூபாய் மாத்திரையை விட்டதுக்கு இவ்வளவு.

அதனால நான் கேக்குறது வேற. பணம் குடுக்கிற பாலிசிகள்லயும் ஆபரேஷனுக்கு அப்புறம் 60 நாள், 90 நாள் செலவோட நிறுத்திக்குறாங்க. ஆனா வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை, டயட்டீஷியன், மனநல டாக்டர் எல்லாம் வேணும். ஆபரேஷனுக்குக் குடுத்துட்டு இதுக்குக் குடுக்கலைன்னா, வாத்தியார் ஐயா பயப்படுறது நடக்கும். ரெண்டையும் சேர்த்து 16 வயசுக்குக் குடுங்க. ஒண்ணை மட்டும் குடுக்கிறதா இருந்தா 30 வயசுக்காரனுக்குக் கூட நல்லதில்ல.

பொண்ணுங்களுக்கு ஒண்ணு. எடை குறைஞ்சதும் நின்ன மாதவிடாய் ஒழுங்காகும், கருத்தரிக்கிற வாய்ப்பும் கூடும். ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை வருஷமாவது கர்ப்பம் தள்ளிப் போடணும். 17 வயசுல ஆபரேஷன் பண்ணிட்டு 18-ல கல்யாணம் பேசுற வீடுங்களை நான் பார்த்திருக்கேன். பையனுங்களுக்கு ஒண்ணு, அதுவும் பாண்டியில இருக்கிறவங்களுக்கு: பைபாஸ் ஆனவங்களுக்குக் குடி சீக்கிரம் ஏறும், அடிமையாகிற ஆபத்தும் அதிகம். இதையெல்லாம் அட்மிஷன் ஃபாரத்துல யாரும் சொல்றதில்ல.

---

பண்ருட்டிப் பொண்ணு (புதன், இரவு 11:47)

எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எனக்கு 17 வயசுல ஸ்லீவ் பண்ணாங்க. இப்ப 24. காப்பீடு எனக்கும் இல்லைன்னுதான் சொன்னாங்க. அப்பா முக்கால் காணி முந்திரித் தோப்பை வித்தார். அதைப் பத்தி வீட்டுல யாரும் பேசுறதில்ல, ஆனா ஒவ்வொரு சித்திரையிலயும் எனக்கு ஞாபகம் வரும்.

வாத்தியார் ஐயா, "அவனுடைய சம்மதத்துக்காகக் காத்திருக்கும் கோடு"ன்னு எழுதியிருக்கீங்க. என்னை யாரும் கேக்காம பண்ணலை. எட்டு மாசம் டாக்டர்கிட்ட போய் வந்தேன். மனநல மேடம் அம்மா அப்பாவை வெளிய அனுப்பிட்டு என்கிட்ட தனியா நாலு தடவை பேசினாங்க. எதுக்கு வேணும்னு கேட்டாங்க. ஒல்லியாகணும்னு சொல்லியிருந்தா அனுப்பியிருக்க மாட்டாங்கன்னு இப்பப் புரியுது. கழுத்துல கருப்பு ஏறியிருந்தது. அழுக்குன்னு நினைச்சு அம்மா பீர்க்கங்கூட்டால தேய்ச்சுத் தேய்ச்சுத் தோல் உரிஞ்சிருக்கு. அது இன்சுலின் எதிர்ப்புன்னு அந்த மேடம்தான் அம்மாவுக்குச் சொன்னாங்க. அம்மா அங்கேயே அழுதாங்க.

முன்ன 112 கிலோ. 71 வரைக்கும் வந்தேன், இப்ப 79. சர்க்கரை மாத்திரை இல்ல. முடி கொட்டுச்சு, திரும்ப வந்துச்சு. ரெண்டு தடவை ரத்தம் குறைஞ்சு இரும்பு ஊசி போட்டுக்கிட்டேன், ரெண்டாவது தடவை என் தப்பு, ஹாஸ்டல்ல மாத்திரை விட்டுட்டேன். இதெல்லாம் நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். திரும்பவும் அதே வயசுல பண்ணிப்பேனான்னு கேட்டா, பண்ணிப்பேன். தோப்பு மட்டும் போயிருக்கக் கூடாது.

---

முத்தியால்பேட்டை வாத்தியார் (வியாழன், காலை 6:05)

அம்மா, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். எட்டு மாதம், தனியாகப் பேசிய மருத்துவர், திருப்பி அனுப்பவும் தயாராக இருந்தவர். இப்படி நடந்தால் வயதை நான் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டேன். ஆனால் எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறது என்று நம்ப என்னால் இன்னும் முடியவில்லை. 18-ஐ எடுப்பதாக இருந்தால் அந்த இடத்தில் வேறொரு பூட்டு வேண்டும். குழந்தை மருத்துவர், அறுவை மருத்துவர், மனநல மருத்துவர் மூவரும் கையெழுத்திட்ட அறிக்கை, குறைந்தது ஆறு மாதக் கவனிப்பு, குழந்தைகளுக்கு இதைச் செய்து பழகிய மருத்துவமனை. வார்டு அக்கா கேட்ட தொடர் சிகிச்சையும் அதே பாலிசியில். இவ்வளவும் எழுதப்படும் வரை வெறுமனே வயதைக் குறைப்பதற்கு நான் எதிர்தான்.

கெடிலக்கரை சார், உங்கள் மகனை நான் தடுக்கவில்லை. உங்களிடம் இதெல்லாம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

---

பாலிசி நெல்லிக்குப்பம் (வியாழன், பகல் 12:30)

ஐயா சொன்ன பூட்டு எனக்கும் சம்மதம். கெடிலக்கரை சார், வழியைச் சொல்றேன். முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல புகார். 30 நாள்ல பதில் வரலைன்னாலோ திருப்தி இல்லைன்னாலோ சென்னையில இருக்கிற காப்பீட்டு ஒம்புட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற நடுவர்). தமிழ்நாடு, புதுச்சேரி ரெண்டுக்கும் அதுதான். கட்டணம் இல்ல, வக்கீலும் வேண்டாம். ஆனா உண்மையைச் சொல்லிடுறேன்: பாலிசியில 18-ன்னு தெளிவா எழுதியிருக்கும்போது அங்கேயும் ஜெயிக்கிறது கஷ்டம். குழுப் பாலிசிதான் உங்களுக்கு நெருங்கின வழி. இடைப்பட்ட காலத்துல சர்க்கரைக்கோ மூச்சுக்கோ அட்மிட் பண்ணினா அதுக்கு இந்தப் பாலிசியில பணம் உண்டு. பருமன் அறுவைக்குத்தான் விலக்கு, சர்க்கரைக்கு இல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில காரணம் சரியா எழுதியிருக்கான்னு பார்த்து வாங்குங்க.

---

கெடிலக்கரை (சனி, இரவு 9:20)

எல்லாருக்கும் நன்றி. எச்.ஆர்.ல பாலிசி நகல் வாங்கிட்டேன். அதுலயும் அதே விலக்கு இருக்கு. ஆனா ஏப்ரல்ல புதுப்பிக்கும்போது நீக்கச் சொல்லிப் பேசுறோம்னு யூனியன்ல சொல்லியிருக்காங்க. எங்க பிளான்ட்ல இன்னும் ரெண்டு வீட்டுல இதே மாதிரி பிள்ளைங்க இருக்காங்கன்னு அங்கதான் தெரிஞ்சுது. நான் இத்தனை நாள் யார்கிட்டயும் வாயைத் திறக்கலை, அவங்களும் திறக்கலை.

வாத்தியார் ஐயா, மனநல மருத்துவரை நாங்க பார்க்கலை. யாரும் சொல்லலை, நானும் கேக்கலை. வர்ற வியாழக்கிழமை ஜிப்மர்ல சீட்டு போடப் போறோம், அங்க ஆரம்பத்துல இருந்து பார்க்கச் சொல்லிக் கேக்கப் போறேன். தூங்கும்போது காத்தை அழுத்திக் குடுத்து மூச்சு நிக்காமப் பார்த்துக்குற சிபாப் மெஷின் வாடகைக்கு எடுத்தாச்சு. நேத்து ராத்திரி அவங்க அம்மா தனியா போய் உள் ரூம்ல படுத்தாங்க.

பையன் இதையெல்லாம் படிச்சான். பண்ருட்டிம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னான்: ஆபரேஷனுக்கு அப்புறம் ஸ்கூல்ல யார்கிட்ட சொன்னீங்க?

---

பண்ருட்டிப் பொண்ணு (சனி, இரவு 10:04)

ஒரே ஒரு டீச்சர்கிட்ட. தம்பிகிட்ட சொல்லுங்க அண்ணே, தண்ணியை ஒரே மடக்குல குடிக்க முடியாது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு வாய்னு குடிக்கணும். கிளாஸ் நடக்கும்போது பாட்டிலை மேஜை மேல வெச்சுக்க அனுமதி வேணும். அதுக்காகத்தான் சொன்னேன். அவங்க அடுத்த நாள்ல இருந்து கிளாஸ்ல எல்லாரையும் பாட்டிலை மேல வெச்சுக்கச் சொல்லிட்டாங்க.